வாத்து ஜட்டியும் ஆகஸ்ட் மாதமும்

நம் வீட்டுச் சமையலறை,
தூலூஸுக்குக் கிழக்கே, பூண்டு வாசனை தொடங்குமிடம்.
செப்டம்பர், மழை நாள்.

பெங்குவின்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரரும், கெர்கெலென் தீவு ஆராய்ச்சி முகாமின் சமையல்காரரும், என் ஞானத்தந்தையுமாகிய பெர்த்ரான் மாமாவுக்கு, உங்கள் அக்காள் மகள் ஸெலி பணிவுடன் எழுதிக்கொண்டது. ‘பணிவுடன்’ என்பதை அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று சேர்க்கச் சொன்னாள்.

இங்கே அம்மா நலம். அப்பா மிக மிக நலம், ஏன் என்று பின்னால் வருகிறது. இரட்டையர் பஸீலும் கோமும் நலம், அவர்கள் கைபட்ட எதுவும் நலமாக இல்லை. பூண்டு அறுவடை முடிந்து சரம் சரமாகக் கொட்டகையில் தொங்குகிறது. அங்கே உங்கள் அடுப்பும், உங்கள் முழங்காலும், அந்த ஓயாத காற்றும் சௌக்கியமா? போன கப்பலில் வந்த உங்கள் கடிதமும் படமும் கிடைத்தன. ஈஸ்டருக்கு நான் அனுப்பிய துணிக்குல்லாய் காதை நன்றாக மூடுகிறது என்றும், பின்பக்க வளையத்தில் உங்கள் குடுமி அளவெடுத்ததுபோல வெளியே வருகிறது என்றும், முகாமில் எல்லாரும் தங்களுக்கும் ஒன்று கேட்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி.

இந்தப் பொட்டலத்தில் எங்கள் ஊர் ரக்பி கிளப்பின் மூத்தோர் அணி போட்ட அடுத்த வருஷக் காலண்டர் இருக்கிறது. தயவுசெய்து இந்தக் கடிதத்தை முடிக்கும்வரை அதைப் பிரிக்கவேண்டாம். பிரித்துவிட்டீர்களென்றால் ஆகஸ்ட் மாதத்தைப் பார்க்கவேண்டாம். பார்த்துவிட்டீர்களென்றால் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டவேண்டாம். அது எப்படி அப்படி ஆயிற்று என்று விளக்கி எழுதச் சொன்னது அம்மா. போன கிறிஸ்துமஸுக்கு அப்பா கட்டியிருந்த பூப்போட்ட சமையல் துணியைக் கேலி செய்யச் சூப்பில் தொடங்கிய நீங்கள் சீஸ் வரும்வரை அவரை விடவில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது, அதை அப்பா தாங்கிக்கொண்டார். மச்சானுக்குத் தெரிந்தால் என்ன செய்வது என்றுதான் அவருக்குப் பயமாம். ஆகவே டிசம்பரில் நீங்கள் வரும்போது இதைப்பற்றி வாயே திறக்கக்கூடாது. இது அம்மாவின் உத்தரவு.

விஷயம் இதுதான். அம்மாவுக்குத் தலைவலி வந்தால் கண்ணெதிரே பாதி உலகம் காணாமல் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மாதிரித் தலைவலிக்காரர்களுக்குக் கருத்தடை மாத்திரை ஆகாது, மூளையில் ரத்தம் கட்டினாலும் கட்டலாம் என்று ஊர் டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டார். காப்பர் டி வைத்துப் பார்த்தாள், மாதத்தில் பாதி நாள் சோபாவோடு சோபாவாகக் கிடந்தாள், எடுத்துவிட்டார்கள். சரி, எதுவும் வேண்டாம், கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்துகொள்ளலாம் என்று பெரியவர்கள் இரண்டு பேரும் கூடி முடிவெடுத்தார்கள். அந்த ஜாக்கிரதைக்குத்தான் பஸீல், கோம் என்று பெயர் வைத்திருக்கிறோம். இந்த நிலைமையில் அம்மாவுக்கு ஆம்புலன்ஸ் ஓட்டும் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தது, செப்டம்பரில் வகுப்பு. அம்மாவின் பல வருஷத்து ஆசை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இன்னொரு ஜோடி வந்தால் அம்மா ஆம்புலன்ஸை ஓட்டமாட்டாள், ஆம்புலன்ஸ்தான் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஓடும்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மதியம், சீஸை வெட்டிக்கொண்டே அப்பா சொன்னார்: “இந்தத் தடவ என் முறை.”

“எது, பாத்திரம் கழுவுறதா?” என்றாள் அம்மா.

“அதுவும்தான். நான் சொன்னது மத்தது.”

ஒரேயடியாக வெட்டிக் கட்டிக்கொள்ள அப்பாவுக்குத் தைரியம் இல்லை, காய்ச்சல் ஊசிக்கே மயங்கி விழுகிறவர். ஆனால் டிராக்டர் பட்டறையில் ஒரு எஞ்சினுக்கு அடியில் படுத்திருந்தபோது ரேடியோவில் கேட்டிருக்கிறார், தூலூஸில் ஆண்களுக்கான புதுக் கருத்தடை வழிகளை ஆராயும் ஒரு குழு ஆள் தேடுகிறது என்று. மருந்தும் இல்லை, கத்தியும் இல்லை, வெறும் சூடு. ஒரு ஜட்டி, அதில் ஒரு துணி வளையம். எது வளையத்துக்குள் போகிறது, எது மேலே போய் உடம்போடு ஒதுங்குகிறது என்று நான் எழுதமாட்டேன், அம்மா படித்துவிட்டுத்தான் உறையை ஒட்டுவாள். ஒதுங்கியது உடம்புச் சூட்டிலேயே கிடந்தால், சில மாதத்தில் உற்பத்தி படுத்துவிடும். ஆகஸ்டில் பிரான்ஸ் முழுவதும் வெயில் தாங்காமல் கடையைச் சாத்திவிட்டுக் கடற்கரைக்குப் போகிறதே, அதே சங்கதி. ஜட்டியை விட்டுவிட்டால் மறுபடி கடை திறக்கும். ஒரே நிபந்தனை, எழுந்ததிலிருந்து படுக்கப்போகும்வரை கழற்றக்கூடாது. ஒரு நாள் தவறினாலும் அதுவரை போட்டது வீண். ஜூலையில் ஒரு பரிசோதனை. அதில் கடை சாத்தியிருந்தால் அம்மாவுக்கு விடுதலை, இல்லையென்றால் மறுபடி காப்பர் டி, மறுபடி சோபா. சோபாவில் படுத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் ஓட்ட முடியாது.

குழுவின் தலைவி டாக்டர் ஒர்தான்ஸ் வைத்த இன்னொரு விதி, அவரவர் ஜட்டியை அவரவரே தைக்கவேண்டும். ஒருத்தர் அளவு இன்னொருத்தருக்கு உதவாது என்பதால், அளவெடுத்துத் தைக்கவே அங்கே வகுப்பு நடத்துகிறார்கள். டிராக்டர் சக்கரத்தை ஒற்றைக் கையால் உருட்டும் நம் அப்பாவுக்கு ஊசியில் நூல் ஏறவில்லை, தலைக்குச் சூடுதான் ஏறியது. வகுப்பில் கற்றதை வீட்டில் பழக அம்மாவின் தையல் மெஷினைச் சமையல் மேசையில் வைத்துக்கொண்டார். துணி, இரட்டையர் ஜன்னலுக்கு வாங்கி மிச்சமான மஞ்சள் வாத்துத் துணி. முதல் ஜட்டியில் கால் நுழையவில்லை. இரண்டாவதில் கால் நுழைந்தது, ஆள் வெளியே வர முடியவில்லை, கத்தரிக்கோலோடு நான் பாதிவழி போனபோது அம்மா தடுத்து அவளே போனாள். மார்ச் முழுவதும் வீட்டில் எங்கே பார்த்தாலும் அப்பாவின் தோல்விகள். ஒன்றில் சூடான பாத்திரம் பிடித்தோம், ஒன்றில் பூனை குட்டி போட்டது. பூனைக்கு அந்த ஜட்டி எந்த விதத்திலும் உதவவில்லை என்று டாக்டருக்குத் தெரிவிக்கலாமா என்று கேட்டேன், அப்பா அடுத்த துணியை வெட்டப் போய்விட்டார். ஆனால் மாமா, ஏப்ரலில் அவர் தைத்தது கடையில் வாங்கியது மாதிரி இருந்தது. அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என் கல்யாண உடுப்புகூட இவ்ளோ நேரா தைக்கல,” என்றாள். அப்பா காது சிவக்க நின்றார்.

வீட்டில் நிம்மதி வந்தது, கிளப்பில் போயிற்று. நம் மூத்தோர் அணிதான் உங்களுக்குத் தெரியுமே. ஒன்றாகத்தான் உடை மாற்றுவார்கள், ஆட்டம் முடிந்ததும் ஒன்றாகத்தான் ஆற்றில் குதிப்பார்கள். அப்பா கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உடை மாற்ற ஆரம்பித்தார். குளிர்ந்த தண்ணீரில் கடை திறந்துகொள்ளுமோ என்று ஆற்றிலும் குதிக்கவில்லை. பெஞ்சில் உட்காரும்போது முட்டைக் கூடையை இறக்குவது மாதிரி உட்கார்ந்தார். அவ்வளவுதான், ரெமிக்கு ஏதோ பெரிய வியாதி என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. என்னை வழியில் நிறுத்திக் கேட்டவர்களிடம் நான் பொய்யே சொல்லவில்லை. “தூலூஸ்ல டாக்டர் பாக்குறாங்க. எல்லாம் சூட்டப் பொறுத்ததுன்னு சொல்லிட்டாங்க,” என்று உண்மையை மட்டும் சொன்னேன். உண்மைக்கு இவ்வளவு சாப்பாடு வரும் என்று எனக்குத் தெரியாது. வாத்துக் கறி ஜாடி, செர்ரி கேக், பூண்டு சூப், ஒரு முழு ஹாம். ஞாயிறு திருப்பலியில் பாதிரியார் “நம் சகோதரர் ரெமிக்காக” என்று மன்றாடியபோது, “அப்பாவுக்கு ஜட்டிதான்” என்று சொல்ல பஸீல் வாயைத் திறந்தான். நல்லவேளை, என் பையில் மிட்டாய் இருந்தது.

அணித்தலைவர் ஃபப்ரீஸை ஊரில் எல்லாரும் அலமாரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளும் அகலம், மனசும் அகலம், வாசல்கள்தான் அவருக்கு எப்போதும் குறுகல். அவர் ஒருநாள் சாயங்காலம் வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கிவிட்டார். “டேய், என்கிட்டயாவது சொல்லுடா. எங்க வெட்டப்போறாங்க?” அப்பா எங்கேயும் இல்லை என்றார். வலிக்கிறதா என்று கேட்டதற்கு, வெயில் நாளில் கொஞ்சம் கசகசவென்று இருக்கும் என்றார். அலமாரி அதைக் கேட்டு இன்னும் அழுதார்.

இந்த நேரத்தில்தான் காலண்டர் வந்தது. வருஷா வருஷம் பூண்டு அறுவடை முடிந்ததும், மைதானத்து விளக்குக்காக, அணியின் பன்னிரண்டு பேர் உடுப்பில்லாமல் முன்னால் ஒரு பந்தோ பூசணிக்காயோ வைத்துக்கொண்டு மாதத்துக்கு ஒருவராக நிற்பதும், ஊர்ப் பாட்டிகள் வரிசையில் நின்று அதை வாங்குவதும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். படம் எடுக்கும் நாள் காலையில் தொடங்கினால், சாப்பாடு, ஒயின், மறுபடி படம் என்று பொழுது சாய்ந்துவிடும். எடுத்து முடிக்கும்வரை யாரும் உடுத்தக்கூடாது என்பது சம்பிரதாயம். ஆகஸ்ட், அதாவது பூண்டுத் திருவிழா மாதம், முன்வரிசையில் தலை கொடுத்து முட்டுகிற அப்பாவுடையது. பரிசோதனைக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

முந்தின நாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே அம்மா சொன்னாள்: “கழட்டிடு ரெமி. அவங்க முன்னாடி ஜட்டியோட நீ ஏன் நிக்கணும். ஆகலைன்னா நான் காப்பர் டி வெச்சுக்கறேன், போ.” அவள் முகம் எங்களுக்குத் தெரியவில்லை, கதவுக்குப் பின்னால் தொங்கிய ஆம்புலன்ஸ் பள்ளிச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஒரே தட்டை வெகுநேரம் துடைத்தார். அந்தத் தட்டு இப்போதும் மற்றவற்றைவிடப் பளபளவென்று இருக்கிறது.

மறுநாள் பூண்டுக் கொட்டகையில் படம். பிள்ளைகள் உள்ளே போகக்கூடாது என்று என்னையும் இரட்டையரையும் வெளியே நிறுத்திவிட்டார்கள். சுவருக்குக் காது உண்டோ இல்லையோ, எனக்கு உண்டு. முதலில் அலமாரியின் குரல்: “ரெமி, உன் முறை. உடம்பு முடியலைன்னா சொல்லு, ஆகஸ்ட காலியா விட்டுருவோம்.” பிறகு பெல்ட் கழலும் சத்தம். அப்புறம் கிளம்பியது பாருங்கள் சிரிப்பு, மேலே தொங்கிய சரத்திலிருந்து பூண்டு உதிர்ந்தது. வாத்து நீந்துமா என்றார் ஒருவர், எப்போது முட்டையிடும் என்றார் இன்னொருவர், உன் பெண்டாட்டிதான் மாட்டிவிட்டாளா என்றார் மூன்றாமவர். அவர்கள் களைத்து ஓயும்வரை அப்பா காத்திருந்தார்.

“நானே தச்சது,” என்றார். “கரோல் இத்தன வருஷமா மாத்திர முழுங்குனா. தலைவலி அவளுக்கு, ரத்தம் அவளுக்கு, பயம் அவளுக்கு. நான் என்ன பண்ணேன்? மருந்துக்கட முன்னாடி வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். இப்ப ஒரு ஜட்டி போட்டுருக்கேன். இன்னைக்குக் கழட்டுனா அது வீண், அதனால கழட்டமாட்டேன். சிரிச்சு முடிச்சிட்டு எடுக்கறதுன்னா எடுங்க.”

அப்பா ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை மாமா. கொட்டகைக்குள் யாரோ இருமினார்கள். பிறகு அலமாரி கேட்டார்: “உறுத்துமாடா?”

“பழகிடும்.”

“டிராக்டர்ல உக்காந்தா?”

“மெத்த வெச்சுக்க.”

அப்புறம் மூலைக்கு மூலை கேள்விகள். எங்கே கற்றுக்கொடுக்கிறார்கள், விட்டால் திரும்ப வருமா, வாத்தில்லாத துணி கிடைக்குமா. கடைசியில் அலமாரி தீர்ப்புச் சொன்னார். ஒருத்தன் மட்டும் ஒரு உடுப்பில் நின்றால் அது அணியாகாது, ஆகவே பன்னிரண்டு மாதமும் வாத்து. அவருக்குள் ஏதோ உடைந்தோ ஒட்டியோ போயிருக்கிறது, ஏனென்றால் பரிசோதனை முடியும்வரை தானும் போட்டுக்கொள்வதாக அங்கேயே சத்தியம் செய்தார். அப்புறம் இரண்டு நாள் கிளப்பில் தையல்தான். துணிக்கடையில் அதே வாத்துச் சுருள் மிச்சமிருந்தது. முன்வரிசையும் பின்வரிசையும் மெஷின் முன் வரிசையாக உட்கார்ந்து ஊசியைத் திட்டியதை நீங்கள் கேட்டிருக்கவேண்டும். படமும் எடுத்தாயிற்று.

இதோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் கிளப் துணியை முறை வைத்து ஒரு வீட்டில் துவைக்கும் வழக்கம் இருக்கிறதே, அந்த வாரம் எங்கள் முறை. பனியனுக்கெல்லாம் முதுகில் எண் உண்டு, ஜட்டிக்கு ஏது? எல்லாம் ஒரே வாத்து. மடித்துப் பிரித்ததில் அலமாரியுடையது அப்பாவுக்கும், அப்பாவுடையது அலமாரிக்கும் போய்விட்டது. இடுப்பில் தொளதொளவென்று இருந்ததைப் பார்த்து, தான் இளைத்துவிட்டதாக அப்பா சந்தோஷப்பட்டு, கசூலே பீன்ஸ் கறியில் இரண்டாம் தட்டு போட்டுக்கொண்டார். அலமாரிக்கோ மூச்சு முட்டியது. இதைத்தான் ரெமி மாதக்கணக்கில் சத்தமில்லாமல் தாங்கினானா என்று நினைத்து, தெருவில் அப்பாவைக் கண்டபோதெல்லாம் தொப்பியைக் கழற்றி வணங்கினார். பரிசோதனை நாளன்று டாக்டர் ஒர்தான்ஸ் ஒரு பார்வைதான் பார்த்தாராம். “இது உங்களோடது இல்லையே. இதுல ரெண்டு பேரு குடியிருக்கலாம்.” தொளதொள ஜட்டியில் சூடு நிற்காது, பரிசோதனையை ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளிவிட்டார்.

அம்மா பள்ளிச் சட்டையை மடித்து அலமாரிக்குள் வைத்தாள், மர அலமாரிக்குள். அன்று நான் எந்த விளையாட்டும் செய்யவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். ஊசியையும் சிவப்பு நூலையும் எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போய், ஒவ்வொரு வாத்து ஜட்டியின் பின்னாலும் பனியனில் உள்ள எண்ணைத் தைத்தேன். அப்பாவுக்கு ஒன்று, அலமாரிக்கு மூன்று.

ஆகஸ்ட் கடைசியில் அப்பா மறுபடி தூலூஸ் போய்விட்டு வந்தார். அதற்கப்புறம் ஒரு மதியம், ஊரே சாப்பிடுகிற நேரத்தில், போன் அடித்தது. அப்பா எழுந்துபோய் “ம்… ம்… சரிங்க டாக்டர்” என்றார். திரும்பி வந்து உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தார். “என்ன?” என்றாள் அம்மா.

“ஆகஸ்ட்தானே,” என்றார் அப்பா. “கட சாத்தியாச்சு.”

அம்மா எழுந்து போனாள். திரும்பி வந்தபோது சமையல் துணிக்கு மேலே ஆம்புலன்ஸ் சட்டையைப் போட்டிருந்தாள். அதோடேயே உட்கார்ந்து முலாம்பழம் சாப்பிட்டாள், கைநிறைய சாறு வழிய. அப்பா அவளைப் பார்த்துக்கொண்டு தன் பழத்தைச் சாப்பிட மறந்தார், அதை நான் சாப்பிட்டேன். திங்கட்கிழமை முதல் அம்மா பள்ளிக்குப் போகிறாள், வளைவுகளில் வாயாலேயே சைரன் அடிக்கிறாள். அப்பா இன்னும் வாத்தோடுதான் இருக்கிறார், இருப்பார். அலமாரி சத்தியம் முடிந்து மூன்றாம் எண்ணைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்தார், அவரைப் பார்த்து மற்றவர்களும். இரண்டு பேர் மட்டும் கொடுக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவர்கள் மனைவிமார் இப்போது எனக்கு வழியில் கேக் கொடுக்கிறார்கள்.

ஆகவே மாமா, ஆகஸ்ட் பக்கத்தைத் திறக்கும்போது சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் தீவுக்குள்ளேயே சிரித்து முடித்துவிட்டு வாருங்கள். உங்கள் சூப் அடிபிடிக்காதிருக்கட்டும், காற்று கூரையை விட்டுவைக்கட்டும், பெங்குவின்கள் மரியாதை தெரிந்து நடக்கட்டும். அம்மாவும் அப்பாவும் அன்பு சொல்கிறார்கள். இரட்டையர் முத்தம் அனுப்புகிறார்கள், காகிதத்தில் உள்ள ஜாம் அதுதான்.

உங்கள் பணிவுள்ள ஞானமகள்,
ஸெலி

பி.கு.: இது தபால் நிலைய மேசையில் எழுதுவது. அம்மா மேலே உள்ளதைப் படித்து மூன்று இடத்தில் சிரித்து, உறையை ஒட்டும் வேலையை என்னிடம் நம்பிக் கொடுத்துவிட்டாள். மாமா, ஈஸ்டர் குல்லாய் குல்லாய் இல்லை. அது அப்பாவின் மார்ச் மாதத்துத் தோல்விகளில் மூன்றாவது. உங்கள் குடுமி வருகிற வளையம் குடுமிக்காகத் தைத்தது இல்லை. தலையில் போட்டால் கெடுதல் உண்டா என்று டாக்டர் ஒர்தான்ஸிடமே கேட்டேன். அந்தப் பக்கம் இன்னும் யாரும் ஆராயவில்லை, மாறுதல் ஏதாவது தெரிந்தால் எழுதச் சொன்னார். முகாமில் எல்லாரும் கேட்கிறார்கள் என்றீர்களே, கிளப்பில் திரும்பி வந்ததையெல்லாம் காலண்டருக்கு அடியில் வைத்திருக்கிறேன், துவைத்ததுதான். மூன்றாம் எண்ணை உங்களில் பெரிய தலை யாருக்கோ அவருக்குக் கொடுங்கள். அப்புறம், அப்பா பயப்படுகிறார் என்று மேலே எழுதியது அம்மாவுக்காக. பெங்குவின்களோடு நீங்கள் வாத்தைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கும் அந்தப் படத்தை அப்பா பெரிதாக்கி, சட்டம் போட்டு, சாப்பாட்டு மேசைக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறார், அம்மா அதை மச்சான் மேல் உள்ள பாசம் என்று நினைக்கிறாள். டிசம்பரில் சூப்பிலேயே தொடங்கலாம் என்று சொல்லச் சொன்னார்.